மூக்குச் சக்கரம்

அனல் மின் நிலையத்தில் டர்பைனைப் பிரித்துப் பழுதுபார்த்த பிறகு, மேல்மூடியை இறக்குவதற்கு முன், ஒருவர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துப் படிவம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். ‘உள்ளே அந்நியப் பொருள் எதுவும் இல்லை’ என்பதுதான் அந்தப் படிவத்தின் சாரம். மறந்துவிட்ட ஸ்பானர், கழன்ற நட்டு, யாரோ கை துடைத்துப் போட்ட துணி, எது உள்ளே கிடந்தாலும் கையெழுத்துப் போட்டவன்தான் பதில் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடம் அந்தக் கையெழுத்து என்னுடையது. ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று ஓய்வுபெற்ற அன்று மேடையில் சொன்னார்கள். சந்தன மாலை போட்டுவிட்டுச் சொல்வதை எல்லாம் நம்பக்கூடாது என்பது எனக்குத் தெரியும். இதை மட்டும் நம்பினேன்.

என் செக்‌ஷனில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். மேல்பட்டாம்பாக்கம் பக்கத்து ஆள். கம்பெனிக்கு வருவதற்கு முன் விமானப்படையில் பதினைந்து வருடம் தரைப்பணி. விமானத்தின் உடம்பைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். ஒரு ஷட்டவுனில் அவர் மூடிய பம்பை மறுபடி திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு கந்தல் துணி இருந்தது. மெமோ கொடுத்தேன். விளக்கம் எழுதிக் கொடுத்தார். அதன் அடியில் ‘விளக்கம் திருப்திகரமாக இல்லை’ என்று எழுதி மேலே அனுப்பினேன். அவருடைய பிரமோஷன் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அதற்காக அவர் என்னுடன் பேசாமல் இருந்துவிடவில்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என் கையில் பேனாவைப் பார்க்கும்போதெல்லாம், “சார் எழுத ஆரம்பிச்சிட்டாரு, அவங்கவங்க துணிய எண்ணிக்குங்கப்பா” என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த வருடம் ஒரு மதியம் அவர் என் வீட்டுக்கு வந்தார். நான் இருப்பது டவுன்ஷிப்புக்கு வெளியே, வடலூர் போகும் சாலையில். அவர் இருப்பது டவுன்ஷிப்புக்குள், மகளின் குவார்ட்டர்ஸில். மகள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அவரது இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. நடுக்கம் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது என்றார். அக்குளில் ஓர் அட்டைப்பெட்டி. விமானப்படையில் இருந்தபோது வடக்கே ஒரு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் விமானக் கிட். இரண்டு எஞ்சின் கொண்ட பழைய ஜெட் பாம்பர். அவர் பல வருடம் துடைத்துப் பராமரித்த அதே ரகம். வாங்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பெட்டியைத் திறந்து பார்த்ததோடு சரி. முதலில் ஷிஃப்ட், பிறகு பிள்ளைகள், பிறகு கை.

மகளுக்கு ராஜஸ்தானுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள், அதாவது இருபத்திரண்டு நாளில், குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும். அவரும் கூடப் போகிறார். போவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

“கடைசீல ஒண்ணே ஒண்ணுதான் சார். மூணு சக்கரமும் தரையில நிக்கணும். பெயிண்டு கோணையா இருந்தாலும் எனக்குக் கவலை இல்ல. மூக்குச் சக்கரம் தரையத் தொட்டுகினு இருக்கணும்.”

நிற்பதற்குத்தானே சக்கரம், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எதற்காகக் கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரணை என் தொழில், இருந்தும் விசாரிக்கவில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது, இது இருபத்திரண்டு நாளில் முடிகிற வேலை இல்லை என்று தெரிந்தது. உடற்பகுதியின் இரண்டு பாதிகளும் வாழைப்பழம் போல எதிரெதிர்த் திசையில் வளைந்திருந்தன. இறக்கை ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது. பாகங்களைப் பொருத்த இந்தக் காலத்துக் கிட்டில் இருக்கும் முளையும் குழியும் இதில் பாதி இடங்களில் கிடையாது. கண்ணால் பார்த்து நேர்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். மூக்கின் கண்ணாடித் துண்டு பழுப்பேறி, அப்பளம் போல் நொறுங்கக் காத்திருந்தது. செய்முறைத் தாளில் மூன்றாவது படிக்குப் பக்கத்தில் பூச்சி அரித்து எட்டணா அளவுக்கு ஓட்டை.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, வேலை, செய்தவர், சரிபார்த்தவர் என்று நான்கு கட்டம். ஃபோர்மேன் அதைப் பார்த்துவிட்டு, “பென்ஷன் வாங்கியும் திருந்தலியா சார் நீங்க” என்றார். ஆனாலும் தினமும் வந்ததும் முதலில் நோட்டைத்தான் புரட்டினார்.

இரண்டரை மணிக்கு மகள் கொண்டுவந்து விடுவாள், ஐந்துக்கு அழைத்துப்போவாள். கைவேலை என்னுடையது, வழி சொல்வது அவர். மேசையில் கை வைத்தால் மேசையும் நடுங்கும் என்பதால் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டு, கைகளைத் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இறக்கையை வெந்நீரில் முக்கி நிமிர்த்தும்போது, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் விடுங்க, விடுங்கன்றேன்ல” என்று வாயாலேயே முறுக்குவார். ஒட்டிய இடங்கள் காயும்வரை அழுத்திப் பிடிக்க, பேரிங்குக்குள் இருக்கும் எஃகு உருண்டைகளைத் துணிப்பையில் கட்டி மேலே வைத்தோம். பால்ரஸ் என்போம். கன்வேயர் உருளையிலிருந்து எடுத்தவை, சுண்டைக்காய் அளவு. ஃபோர்மேன் வீட்டில் அவை எப்படி ஒரு டப்பா நிறைய இருந்தன என்பதையும் நான் விசாரிக்கவில்லை.

பத்தாவது நாள் தின்னர் வாங்க வடலூர் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் அவர் வந்துவிட்டுப் போயிருந்தார். ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து ஏதோ செய்தார், டீகூடக் குடிக்கவில்லை, போகும்போது முகம் வியர்த்திருந்தது என்றாள் மனைவி.

மறுநாள் காலை உடற்பகுதியை மூடி ஒட்டும் முறை. பழக்கம் விடுமா? டார்ச் எடுத்து இரண்டு பாதிகளின் உள்ளேயும் அடித்துப் பார்த்தேன். மூக்கின் நுனியில், சந்துகளை அடைக்க வைத்திருந்த சாம்பல் நிறப் புட்டியில் மூன்று பால்ரஸ் புதைந்திருந்தன. புட்டி கோணல்மாணலாக, விரல் ரேகை பதிந்து, ஓரமெல்லாம் வழிந்திருந்தது.

செய்முறைத் தாளைப் பார்த்தேன். பதினோரு படிகளில் எதிலும் அப்படி ஒரு சங்கதி இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாகப் பட்டது. தனியாக ஏதோ செய்துபார்த்திருக்கிறார்; கை உதறியிருக்கிறது; பை சரிந்து உருண்டைகள் ஈரப் புட்டியில் விழுந்து ஒட்டிக்கொண்டன; எடுக்க முடியாமல் வெட்கப்பட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். எதற்கு அவரைச் சங்கடப்படுத்துவது? பிளேடால் சுரண்டி எடுத்தேன். உட்பக்கத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். எடுத்த பொருளை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. காலி மாத்திரைக் குப்பியில் மூன்றையும் போட்டு, ‘அந்நியப் பொருள், மூக்குப் பகுதி, 3’ என்று சீட்டு ஒட்டி மேசை டிராயரில் வைத்தேன். பிறகு ஒட்டி, ரப்பர் பேண்டு போட்டு, நோட்டில் கையெழுத்திட்டேன்.

மதியம் அவர் வந்ததும் நேராக மேசைக்குப் போனார்.

“மூடிட்டீங்களா? உள்ள பாத்தீங்களா சார்?”

“பார்த்தாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு.”

“ஒண்ணும் சொல்லலியே நீங்க?”

“சொல்ல என்ன இருக்கு?”

அவர் சிரித்தார். பம்ப் விவகாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை. என் நாகரிகத்தைப் புரிந்துகொண்டு சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஒரு வாரம் பெயிண்ட். நம் ஊர்க் காற்றில் ஈரப் பெயிண்டை வைத்தால் அரைமணியில் சாம்பல் தூள் தூவிக் கொடுத்துவிடும். சன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, பூசியதும் அரிசி டிரம்மைக் கவிழ்த்து மூடிவைத்தோம். அரிசி போர்வையில் கிடந்தது. அதைப்பற்றி மனைவி சொன்னவை இங்கே தேவையில்லை. அடையாளச் சின்னங்கள் தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் பழைய ரக ஸ்டிக்கர்கள். மஞ்சள் பாரித்திருந்தவற்றைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டி வெளுத்தோம். அப்படியும் இறக்கை வட்டம் ஒன்று தண்ணீரில் போட்டதும் மூன்றாகப் பிரிந்தது. மாற்று கிடையாது. அந்த மூன்று துண்டுகளையும் தூரிகை நுனியால் இறக்கைமேல் சேர்க்க எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் ஃபோர்மேன் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டிருந்தார்.

அது முடிந்த ஆசுவாசத்தில்தான் அந்தக் கதையைச் சொன்னார். அவர் படையில் சேர்ந்த புதிது. இதே ரக விமானத்தின் முன்பகுதியிலிருந்து கனமான கருவி ஒன்றை இறக்கும் வேலை. இறக்கினால் முன்பக்கம் எடை குறைந்துவிடும். அதனால் முதலில் மூக்கில் மணல் மூட்டை தொங்கவிட வேண்டும். இவர் தொங்கவிடவில்லை.

“மூக்கு மெதுவா தூக்கிச்சி சார். வயசானவங்க நாற்காலில உக்கார்ற மாதிரி, அவ்ளோ பொறுமையா வாலு தரையில உக்காந்துது. ஆபீசர் டீ கிளாஸ வெச்சிகினு நின்னு பாக்குறாரு. துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிகினு மைதானத்த சுத்த வுட்டாங்க, அது போவட்டும். ஒரு வருசம் கேம்ப்புல என் பேரே வாலு. சாப்பாட்டு வரிசையில, வாலு பின்னால நில்லுன்னுவானுங்க.”

நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“இந்தக் கிட்டும் அப்டிதான் சார். பின்பக்கம் கனம். மூக்குல எடை வெக்காம வுட்டா வாலுல உக்காந்துக்கும். அதான் அன்னிக்கி நீங்க இல்லாதப்ப நானே வெச்சேன். மூணு பால்ரஸ். கை எங்கெங்கியோ போவுது, ஒரு மணி நேரம் போராடினேன். நீங்க டார்ச் அடிச்சிப் பாப்பீங்கன்னு தெரியும். பாத்துட்டு ஒண்ணும் சொல்லல பாருங்க, அன்னிக்கி ராத்திரி எனக்கு நல்லாத் தூக்கம் வந்துது. இந்த ஏரோப்ளேன்ல என் கைபட்டு உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான். மிச்சம் எல்லாம் உங்க கை.”

தின்னர் கிண்ணத்தில் தூரிகை சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ பேரை எதிரில் உட்காரவைத்து அந்த வாக்கியத்தை வரவழைத்திருக்கிறேன். எனக்கு வந்தது “ம்” மட்டும்.

அவர் போனதும் செய்முறைத் தாளை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பூச்சி அரித்த ஓட்டையின் விளிம்பில், மூக்கை நோக்கிப் போகும் ஓர் அம்புக்குறியின் வால் தெரிந்தது. அது சுட்டிய எழுத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. அந்த அம்பு முன்பே அங்கேதான் இருந்தது.

சக்கரங்களை ஒட்டாமல் டேப்பால் பிடிக்கவைத்து விமானத்தை மேசையில் நிறுத்தினேன். கையை எடுத்ததும் மூக்கு எழும்பி, வால் ‘டக்’கென்று மேசையைத் தொட்டது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் டக். டீ கொண்டுவந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

“என்னங்க இது, நாய் உக்காந்த மாதிரி உக்காந்திருக்கு?”

சொன்னேன். அவள் டீயை வைத்துவிட்டு, “அந்தத் துணிக்கு அவருக்கு ஒரு வருஷம் போச்சுல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய ஐந்து நாள் இருந்தது. வழிகள் இல்லாமல் இல்லை. மூக்குச் சக்கரத்தை ஒரு பலகையில் ஒட்டிவிடலாம். பார்க்கிறவருக்கு அது அழகுக்காக வைத்த பீடம். வாலுக்கு அடியில் கண்ணாடிக் குச்சி ஒன்று முட்டுக் கொடுக்கலாம். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். வால் உட்கார்ந்தால், தன் கை வைத்த எடை பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்றே அவர் நினைப்பார், என்னைச் சந்தேகிக்கமாட்டார். இந்த மூன்றாவது வழிதான் எல்லாவற்றிலும் சுத்தமானது. எந்த விசாரணையிலும் பிடிபடாது. விசாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மறுநாள் அவரிடம் பெயிண்ட் காயவில்லை, வரவேண்டாம் என்று ஃபோனில் சொல்லிவிட்டு, எடையை உள்ளே வைக்க மூக்கின் கண்ணாடித் துண்டைப் பெயர்த்தெடுக்கப் பார்த்தேன். ஒட்டிய இடுக்கில் பிளேடு நுனியைக் கொடுத்து மயிரிழை மயிரிழையாக அழுத்தினேன். உள்ளங்கை வியர்த்துப் பிளேடு வழுக்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். எங்கோ மெல்லிய ‘கிரீச்’. கையை எடுத்துவிட்டேன். கண்ணாடியின் அடியில் அரை அங்குலத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் மூக்கே இருக்காது.

அன்று சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எனக்கு நானே மெமோ எழுதினேன். பொருள், நிகழ்ந்த விதம், காரணம். ‘சம்பந்தப்பட்ட ஊழியரை விசாரிக்காமல், அவர் கைநடுக்கத்தால் நேர்ந்த விபத்து என்று தானாகவே அனுமானித்து’ என்ற வரி வரும்போது பேனா நின்றது. அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாமா என்று யோசித்தேன். பிறகு அப்படியே விட்டேன்.

அடுத்த நாள் இரண்டரைக்கு அவர் வந்து, நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். மெமோவையும் மாத்திரைக் குப்பியையும் அவர் மடியில் வைத்தேன். குப்பியைத்தான் முதலில் எடுத்தார். கை நடுக்கத்தில் உள்ளே பால்ரஸ் கடகடவென்று ஆடியது. சீட்டைப் படித்தார். அப்புறம் தாளைப் பிரித்தார். அது படபடத்ததில் எழுத்து பிடிபடாமல் முழங்கால்மேல் விரித்து, குனிந்து படித்தார். வெகுநேரம் ஆயிற்று. இரண்டாவது தடவையும் படிக்கிறார் என்று தெரிந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

“ஒரு மணி நேரம் சார்,” என்றார் கடைசியில், தலை நிமிராமல். “ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி வெச்சத நீங்க அந்நியப் பொருள்னு சீட்டு ஒட்டி வெச்சிருக்கீங்க.”

“ஆமா.”

“நான் கதை சொன்னன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி.”

“ஆமா.”

“அப்புறமும் ரெண்டு நாளு.”

நான் குப்பியை அவர் மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

“கை நடுங்குதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். என்னா பண்ணினேன்னே தெரியாம பண்ணிட்டேன்னு எப்டி சார் முடிவு பண்ணீங்க? ஒரு வார்த்த கேக்கறதில்ல?” குரல் உயரவில்லை. “பேனா குடுங்க.”

கொடுத்தேன். மெமோவின் அடியில் எழுதத் தொடங்கினார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. எழுத்துகள் கோட்டைத் தாண்டி ஏறி இறங்கின. நான் எட்டிப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு நீட்டினார். ‘விளக்கம் திருப்திகரமாக இல்லை.’ அடியில் கையெழுத்து, தேதி.

“இத என் பெட்டியில வெச்சிடுங்க. நான் எடுத்துகினு போவணும்,” என்றார். பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்தார். அத்தனை நாளில் என் எதிரில் அது முதல் தடவை. விமானத்தைக் குனிந்து பார்த்தவர் விரிசலையும் பார்த்துவிட்டார். “மூஞ்சிய ஏன் சார் பேத்தீங்க? மூக்குச் சக்கரம் மடங்குற குழி இருக்குதுல்ல. அதும் கூரையில ஓட்ட போட்டா உள்ள போயிடலாம். ஃபிட்டர கேட்டிருந்தா சொல்லியிருப்பான்.”

கைத் துரப்பணத்தால் குழியின் கூரையில் துளையிட்டேன். உருண்டை நுழையும் அளவுக்கு அகலப்படுத்த அரைமணி. உள்ளே போடுவது தன் வேலை என்றார். நான் விமானத்தை வயிறு மேலே இருக்கும்படி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டேன். இறக்கையில் என் விரல் அழுந்தினால் மூன்று துண்டு வட்டம் மறுபடி மூன்று துண்டாகிவிடும். முதல் உருண்டை துளையைச் சுற்றித் தட்டித் தட்டி அலைந்து உள்ளே விழுந்தது. இரண்டாவது அவர் விரலிலிருந்து தெறித்துத் தரையில் ஓடி பீரோவுக்கு அடியில் போய்விட்டது. மனைவி துடைப்பத்தோடு வந்து படுத்துத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். அவர் மறுபடி அதையே போட்டார். மூன்றும் போட்டு, துளையை டேப்பால் மூடி நிறுத்தினோம்.

டக்.

ஃபோர்மேன் கண்ணை மூடிக்கொண்டார். நான் கணக்குப் போட்டேன். நடுவில் விமானி உட்காரும் அறையின் தடுப்பு இருக்கிறது. உருண்டைகள் அதைத் தாண்டி மூக்கு நுனிக்குப் போகாது. நுனியில் மூன்று போதும் என்றால், இந்த இடத்தில் ஐந்து வேண்டும். அவர் டப்பாவைக் கவிழ்த்து இன்னும் இரண்டை எடுத்தார். நான்காவதற்கு ஏழெட்டு முறை முயல வேண்டியிருந்தது. வெளியே ஸ்கூட்டர் ஹார்ன் கேட்டது. மகளை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள் மனைவி. ஐந்தாவது உருண்டை துளையின் விளிம்பில் நின்று, உள்ளே போவதா வெளியே போவதா என்று யோசிப்பது போல ஆடி, உள்ளே போயிற்று. ஊசியில்லாத சிரிஞ்சால் பசையைச் செலுத்தினேன். விமானத்தை மூக்கு கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, நோட்டில் எழுதினேன். ‘செய்தவர்’ கட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் நான் போடப்போனபோது நோட்டை இழுத்துக்கொண்டார்.

“அது நின்ன பொறவு.”

மறுநாள் சக்கரங்களை ஒட்டினோம். அவர்கள் சாமான் ஏற்ற லாரி வருவதற்கு முதல் நாள், அவர் எதிரிலேயே கையை எடுத்தேன். மூக்குச் சக்கரம் மேசையில் இருந்தது. அவர் விரலால் வாலை லேசாக அழுத்திவிட்டு எடுத்தார். மூக்கு எழும்பித் தானாகக் கீழே வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது. அதற்கப்புறம்தான் நோட்டை என் பக்கம் தள்ளினார்.

லாரியில் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனதாக மகள் பின்னால் என் மனைவியிடம் சொன்னாள். நடுங்கும் மடியில் இரண்டு நாள். எனக்கு ஐந்து நாள் தகவல் இல்லை. நானாகக் கேட்பதற்கு முகமில்லை. ஆறாவது நாள் காலை ஃபோன் வந்தது.

“மூணு சக்கரமும் தரையில சார்,” என்றார் எடுத்ததும்.

“விரிசல்?”

“அப்டியேதான் கீது. ஆனா ஒரு பால்ரஸ் கழண்டுகிச்சி. தூக்கினா உள்ள உருளுது. சத்தம் கேக்குதா?” ஃபோனுக்குப் பக்கத்தில் ஆட்டிக் காட்டினார். கேட்டது.

பசை சரியாகப் போகவில்லை, அது என் வேலை, வேண்டுமானால் கொண்டுவந்தால் திறந்து பார்க்கலாம் என்றேன்.

“தொறக்கற வேல வேணாம் சார்,” என்றார். “உள்ளதான இருக்குது. கெடக்கட்டும்.”